மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியம்: மூட்டுவலிக்கு மருந்தா, புற்றுநோய்க்குக் காரணமா?

குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிரேசிலில் குவாரபரி என்ற ஊரில் இதேபோன்ற கருமணலில் காலைப் புதைத்து வைத்தால் வலி போகிறது என்று வெளிநாட்டிலிருக்கும் மாமா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ இந்த மணலால்தான் ஊரில் புற்றுநோய் என்கிறார். இந்த மணலில் இருக்கும் தோரியம் என்ற கதிர்வீச்சுள்ள உலோகத்திலிருந்து புற்றுநோய்க்கே மருந்து எடுக்கிறார்கள் என்றும் இவர் எங்கோ படித்திருக்கிறார். போதாததற்கு, மஸ்கட்டில் டிக் வெல்டிங் பார்க்கும் தம்பி தன் கையிலிருக்கும் கம்பியிலும் தோரியம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். இதில் எதை நம்புவது என்பதுதான் கேள்வி.

நால்வர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கும் ஒரே தோரியத்தைப் பற்றிய பேச்சு இல்லை. காலுக்கடியில் கிடக்கும் தோரியம், மூச்சில் தூசியாகப் போகும் தோரியம், ஊசி வழியாக ரத்தத்தில் ஏறிய தோரியம் ஆகிய மூன்றும் உடம்பில் செய்யும் வேலை வேறு வேறு. மருத்துவமனையில் கதிர்வீச்சோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோரியம் மனிதர்களைக் கொன்றது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமான ஒரே பெரிய சம்பவம் எந்தக் கடற்கரையிலும் நடக்கவில்லை. டாக்டர்கள் கையாலேயே மருத்துவமனைகளில் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மணல்.

நம் கரையின் கறுப்பு நிறத்தைப் பார்த்து அதுதான் தோரியம் என்று நினைப்பவர்கள் அதிகம். கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. சிவப்பாகத் தெரிவது கார்னெட். தோரியம் இருப்பது மோனசைட்டில். அது தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணியாக, மொத்த மணலில் சிறு பங்காகத்தான் இருக்கும். அந்த மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 9 சதவீதம். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் இதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு இந்த மணலுக்கு இருந்த மதிப்பு அணுசக்திக்காக அல்ல, கேஸ் விளக்கின் மேண்டிலுக்காக. கல்யாண வீட்டிலும் கோவில் கொடையிலும் ராத்திரி மீன்பிடியிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை வலை, சூடேறினால் கண்கூசும் வெளிச்சம் தரும் தோரியம் ஆக்சைடால் ஆனது. ஆகவே இந்த உலோகம் நம் வீடுகளுக்கு ஒன்றும் புதுசு இல்லை.

தோரியம்-232இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 1,405 கோடி ஆண்டு. பூமியின் வயதைப்போல மூன்று மடங்கு. இவ்வளவு மெதுவாகச் சிதைவதால் தோரியம் மட்டும் தனியாக இருந்தால் அதன் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் மணலில் அது தனியாக இருப்பதில்லை. சிதைந்து சிதைந்து ரேடியம்-228, ஆக்டினியம்-228, தோரியம்-228, ரேடியம்-224, தோரான் வாயு, ஈயம்-212 என்று ஒரு பரம்பரையையே பெற்றுக் கூடவே வைத்திருக்கிறது. கடைசியில் கதிர்வீச்சு இல்லாத ஈயம்-208 ஆன பிறகுதான் அடங்கும். இந்தப் பரம்பரையில் பாதிக்கு மேல் வெளியிடுவது ஆல்பா துகள். அது நம் தோலின் மேல்புறத்து இறந்த அடுக்கைக்கூடத் தாண்டாது. தாலியம்-208 போன்ற சில மட்டும் வலுவான காமா கதிரை வெளியிடும். கரையில் நிற்கும்போது உடம்புக்குள் புகுவது அந்தக் காமாதான்.

இனி அம்மாவின் முழங்கால். குவாரபரியில் மக்கள் மணலில் படுத்துக்கிடப்பது உண்மை, பல தலைமுறையாக நடக்கிறது. அதனால் மூட்டுவலி போகிறது என்பதற்குத்தான் ஆதாரம் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரே என்பது உடம்பில் சேரும் கதிர்வீச்சின் அளவு; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிகிரே, பத்து லட்சத்தில் ஒன்று மைக்ரோகிரே. ஒரு பேச்சுக்கு, மோனசைட் செறிந்த ஒரு இடத்தில் மணிக்கு 2 மைக்ரோகிரே என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு மணி நேரம் வருடம் முழுக்க உட்கார்ந்தாலும் 0.73 மில்லிகிரேதான் சேரும். உலகத்தில் ஒரு சராசரி மனிதர் இயற்கையிலிருந்து வருடத்துக்கு வாங்கும் அளவே 2.4 மில்லிசீவர்ட். சீவர்ட் என்பது அந்தக் கதிர்வீச்சு உடம்புக்குச் செய்யக்கூடிய கேட்டின் அளவு. காமாவைப் பொறுத்தவரை மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கதிர்வீச்சால் மூட்டுவலியைத் தணிக்க முடியுமா என்று மருத்துவர்கள் உண்மையிலேயே முயன்றிருக்கிறார்கள். ஜெர்மனியில் தேய்மானத்துக்குச் சிறிய அளவில் கதிர் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நெதர்லாந்தில் முழங்கால் தேய்மானக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மொத்தம் 6 கிரே கொடுத்தார்கள். மறு பாதிக்கு மெஷினை இயக்குவதுபோல் காட்டினார்களே தவிர கதிர் கொடுக்கவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை என்றாலும், அந்த 6 கிரேயை நம் கடற்கரையில் வாங்க வேண்டுமானால் உங்கள் அம்மா ராப்பகலாக 342 வருடம் மணலில் உட்கார்ந்திருக்க வேண்டும்! வீடியோவில் பேசுபவர்களுக்குச் சுகம் கிடைத்திருந்தால் அது வெயிலில் காய்ந்த மணலின் சூட்டால் கிடைத்ததாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டை வீட்டிலேயே கொடுக்கலாம். கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் கிழி கட்டி ஒத்தடம் கொடுங்கள், நொச்சி இலையும் சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர் என்றால் மட்டும் சூட்டைக் கையால் சோதித்துவிட்டு வையுங்கள், கொப்புளித்துவிடும். எலும்பு டாக்டரைப் பார்ப்பதும், தொடைத் தசைக்கான பயிற்சியைச் செய்ய வைப்பதும் இதைவிட முக்கியம்.

கருமணலை வறுத்துக் கிழி கட்டலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம். அதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. வறுக்கும்போதும் தட்டும்போதும் பறக்கும் தூசிதான் மிச்சம்.

இப்போது மருத்துவமனைக் கதை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரேயைத் தடுக்கும் கனமான ஒரு பொருளை ரத்தத்தில் செலுத்த வேண்டும். அதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறோம். 1930ஐ ஒட்டி ஜெர்மனியிலிருந்து தோரோட்ராஸ்ட் என்ற மருந்து சந்தைக்கு வந்தது. தோரியம் ஆக்சைடை மிக நுண்ணிய துகளாக்கி நீரில் கலந்த கூழ்மம் அது. தோரியத்தின் அணு எண் 90 என்பதால் படம் பளிச்சென்று விழும். அக்காலத்து மற்ற கான்ட்ராஸ்ட்களைப்போல எரிச்சல் கிடையாது, வாந்தி கிடையாது, ஊசி போட்ட நோயாளி எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலில் படமெடுத்த போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ்கூட 1931இலிருந்து இதற்கு மாறினார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1932இலேயே எச்சரித்தது. அது கதிர்வீச்சுள்ள பொருள், உடம்பிலேயே தங்கிவிடும் என்றது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1950களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் செலுத்தப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஜப்பானில் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் போட்டார்கள்.

அந்தத் துகள்கள் வெளியேறவே இல்லை. சிறுநீரகம் வடிகட்ட முடியாத அளவு என்பதால், ரத்தத்திலுள்ள கழிவைப் பொறுக்கித் தின்னும் செல்கள் அவற்றை விழுங்கி வைத்துக்கொண்டன. ஏறத்தாழ 60 சதவீதம் கல்லீரலில், 30 சதவீதம் மண்ணீரலில், மீதி எலும்பு மஜ்ஜையில். பல பத்தாண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்கூட அவர்களுடைய கல்லீரலும் மண்ணீரலும் வெள்ளையாகத் தெரிந்தன. வழக்கமான 25 மில்லிலிட்டர் ஊசி ஒன்றால் கல்லீரலுக்கு வருடத்துக்குச் சுமார் 0.25 கிரே ஆல்பா கதிர் போய்ச் சேர்ந்தது, அதுவும் ஆயுள் முழுக்க. தோலில் நின்றுவிடும் அதே ஆல்பா, உள்ளே போனால் பக்கத்துச் செல்லின் டிஎன்ஏவை நேராக வெட்டும். இருபது முப்பது வருடம் எதுவும் தெரியாது. அதன் பிறகு பித்தநாளப் புற்று, ஆஞ்சியோசார்கோமா என்ற மிக அரிதான கல்லீரல் ரத்தக்குழாய்ப் புற்று, ரத்தப்புற்று என்று வரத் தொடங்கின. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் இந்த நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஜெர்மனியில் மட்டும் 2,300க்கும் மேற்பட்டோர். ஒப்பீட்டுக்காக வைத்திருந்தவர்களில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த கல்லீரல் புற்று, இவர்களிடம் நூற்றுக்கணக்கில் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஊசிவழித் தோரியம் ஆக்சைடை மனிதர்களுக்கு உறுதியாகப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உடனடி பக்கவிளைவு இல்லை என்பதை வைத்து ஒரு மருந்தைப் பாதுகாப்பானது என்று முடிவு கட்டியதன் விலை அது.

இதே காலத்தில் ஜெர்மனியில் தோரியம் கலந்த பற்பசைகூட விற்றார்கள், பல்லும் ஈறும் பலம்பெறும் என்று. பற்பசையால் பெரிய கேடு விளைந்திருக்காது, ஏனென்றால் வயிற்றுக்குப் போகும் தோரியத்தில் ரத்தத்தில் சேர்வது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மீனில் ஒட்டிய மணல், குழந்தை வாயில் போட்ட மணல் இதற்கெல்லாம் பதறவேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம். ஆனால் இன்னொன்று மோசமாக முடிந்தது. தோரியம் வழியில் வரும் ரேடியம்-224ஐ எலும்புக் காசநோய் வந்த குழந்தைகளுக்கும், முதுகெலும்பு இறுகிப்போகும் ஸ்பான்டிலைட்டிஸ் நோயாளிகளுக்கும் ஊசியாகப் போட்டார்கள். ரேடியம் உடம்புக்குக் கால்சியம் மாதிரி, நேராக எலும்புக்குப் போகும். பின்தொடர்ந்து பார்க்கப்பட்ட சுமார் 900 பேரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு எலும்புப் புற்று வந்தது. உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லலாம்: மூட்டுவலிக்குத் தோரியம் குடும்பத்தை உண்மையிலேயே மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதன் முடிவு இது.

அப்படியானால் புற்றுநோய்க்கு மருந்து என்பது பொய்யா? இல்லை, அதுவும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆல்பா துகள் சில செல்களின் அகலம் மட்டுமே பாயும். அதைக் கல்லீரலில் நிரந்தரமாகக் குடியேற்றினால் கொலை. புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் ஒரு மூலக்கூறோடு கட்டி அனுப்பி, வேலை முடிந்ததும் தானாக அழிந்துவிடும்படி செய்தால் சிகிச்சை. இதற்குப் பயன்படும் ஈயம்-212இன் அரை ஆயுள் 10.6 மணி நேரம். நான்கைந்து நாளில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. தோரோட்ராஸ்டின் 1,405 கோடி ஆண்டோடு இதை வைத்துப் பாருங்கள். பிரான்சில் பழைய தோரியம் இருப்பிலிருந்தே ஈயம்-212ஐப் பிரித்தெடுக்கிறார்கள். நியூரோ எண்டோக்ரைன் கட்டிகளுக்கான (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டிகள்) அத்தகைய மருந்து ஒன்றுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024இல் பரிசீலனையை விரைவுபடுத்தும் 'திருப்புமுனைச் சிகிச்சை' என்ற தகுதியைக் கொடுத்தது; அது விற்பனை அனுமதி அல்ல.

அதைவிட அதிகம் பேசப்படுவது இதே முறையில் பயன்படும் ஆக்டினியம்-225, அரை ஆயுள் 10 நாளுக்குக் கொஞ்சம் குறைவு. எலும்பெல்லாம் பரவிய பிராஸ்டேட் புற்று இதனால் ஸ்கேன் படத்திலிருந்தே மறைந்துபோனதை ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் மருத்துவர்கள் 2016இல் வெளியிட்டபோது துறையே அசந்துபோனது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் இந்தச் சிகிச்சையைக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. வாய் வறண்டுபோவது இதன் பெரிய தொல்லை. சிலர் அதைத் தாங்காமல் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஆக்டினியம் பெரும்பாலும் கிடைத்துவந்தது தோரியம்-229இலிருந்து. பிரித்தெடுக்கும் அளவில் அது மணவாளக்குறிச்சியிலும் இல்லை, உலகத்தில் எந்த மணலிலும் இல்லை. தோரியம்-232ஐ அணு உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக்கி, அது சிதைந்தால்தான் தோரியம்-229 வரும். ஆக, மணலுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு அணு உலையும், ஒரு வேதியியல் ஆலையும், பல வருடக் காத்திருப்பும் இருக்கின்றன. கடற்கரையில் உட்கார்ந்தால் புற்றுநோய் தீரும் என்று எவராவது இந்தச் செய்திகளைக் காட்டிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் பயம் இதில் எல்லாம் சேராது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். இதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல ஆதாரம் வடக்கே கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி. அதே அரபிக்கடல் கரை, அதே மோனசைட். வெளிப்புறத்தில் சில இடங்களில் வருடத்துக்கு 70 மில்லிகிரே வரை போகிறது. நம் ஊர்க்காரர்கள் பலர் சிகிச்சைக்குப் போகும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே வீடுவீடாகக் கணக்கெடுத்து, சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் பின்தொடர்ந்தது. 2009இல் வெளியான முடிவுப்படி 1,379 பேருக்குப் புற்றுநோய். அதிகக் கதிர்வீச்சு வாங்கியவர்களிடம் கூடுதல் புற்றுநோய் தென்படவில்லை. அதே பகுதியில் பீடி புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்று அதிகம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்த பெரிய ஆய்வுகளிலும் பிறவிக் குறைகள் கூடுதலாக இல்லை.

எல்லாம் சுத்தம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டவுன் சின்ட்ரோம் அதிகம் என்று 1976இல் வந்த ஆய்வு பிறகு பலத்த மறுப்புக்கு உள்ளானது. ஆனால் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் மாற்றங்கள் அந்தக் கரையோரக் குடும்பங்களில் கூடுதல் என்று 2002இல் வந்த ஆய்வை யாரும் குப்பையில் போட்டுவிடவில்லை. மாற்றம் நோயாக மாறியதா என்பது வேறு கேள்வி. என் கணிப்பு: குடியிருப்பதால் வரும் ஆபத்து ஏதேனும் இருந்தாலும், அது இவ்வளவு பெரிய ஆய்வின் கண்ணுக்கும் படாத அளவு சிறியது. ஒரு தெருவில் நான்கு பேருக்குப் புற்று என்றால் மனம் காரணம் தேடும், மணல்தான் கண்ணெதிரே கிடக்கும். அந்த நால்வருக்கும் வந்தது ஒரே புற்றா, புகையிலை உண்டா, வயதென்ன என்று பார்க்காமல் மணலைக் கைகாட்ட முடியாது.

சுரங்கம் வேறு விஷயம். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் வைக்கவிருந்த கருத்துக்கேட்பு, எதிர்ப்பால் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரியும். மோனசைட்டை எடுத்துவிட்டு மீதி மணலை நிரப்பினால் அந்த இடத்தில் கதிர்வீச்சு குறையும் என்ற வாதம் இயற்பியல்படி சரி. ஆனால் கருநாகப்பள்ளி ஆய்வு சொல்வது அசையாமல் கிடக்கும் மணலைப் பற்றி. தோண்டி, உலர்த்தி, பிரித்து, லாரியில் ஏற்றும்போது எழும் தூசியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மூச்சில் போன தோரியம் தூசி நுரையீரலில் வருடக்கணக்கில் தங்கும், அங்கிருந்து எலும்புக்குப் போகும். ஆலைத் தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பு உண்டு, அளக்கும் கருவியும் உண்டு. வேலிக்கு வெளியே இருப்பவருக்கு, இயற்கை அளவுக்கு மேல் 1 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. அதை யார், எங்கே, எத்தனை நாளைக்கு ஒருமுறை அளந்து ஊருக்குச் சொல்வார்கள்? கருத்துக்கேட்பு மறுபடி வந்தால் இதை எழுத்தில் கேளுங்கள். கடலரிப்பு பற்றிய கவலை தனி, எனக்கு அதுவே பெரிய கவலை.

வீடு கட்டுகிறவர்கள் கரையின் கருமணலைப் பூச்சுக்கோ தரைக்கோ போடவேண்டாம். வீட்டுக்குள் தேங்கும் தோரானின் அரை ஆயுள் 56 விநாடிதான் என்றாலும், அது விட்டுச்செல்லும் ஈயம்-212 காற்றில் மிதக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் பெரும்பகுதி தீர்ந்தது. பழைய பெட்ரோமாக்ஸ் இருந்தால், உடைந்த மேண்டில் சாம்பலை ஊதித்தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கடைசியாக உங்கள் தம்பி. நீங்கள் குறிப்பிட்டவர்களில் உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர் அவர்தான். டிக் வெல்டிங்கில் சிவப்பு முனை போட்ட டங்ஸ்டன் கம்பியில் சுமார் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கும். கையில் பிடிப்பதாலோ பெட்டியில் வைப்பதாலோ ஒன்றும் இல்லை, வெல்டிங் அடிக்கும்போது வருவதும் சொற்பம். முனையைக் கூர்மையாக்க அரைக்கல்லில் தீட்டும்போது பறக்கும் பொடியில்தான் விஷயம் இருக்கிறது. தினமும் பலமுறை, மூடிய ஷெட்டில், முகத்துக்கு நேராக வைத்துத் தீட்டுவார்கள். லாந்தனம் கலந்த கம்பி, 1.5 சதவீதம் என்றால் தங்க நிற முனை, 2 சதவீதம் என்றால் நீல முனை, அதே வேலையைச் செய்யும். கடையில் கேட்டால் கிடைக்கும். அது வரும் வரை தூசி உறிஞ்சும் வசதியுள்ள அரைக்கல், இல்லையென்றால் வாயிலை ஒட்டிக் காற்றோட்டமான இடம், முகத்தில் துணி அல்லாமல் சரியான என்95 வகை மாஸ்க். தீட்டிய இடத்தைப் பெருக்காமல் ஈரத்தால் துடைக்கச் சொல்லுங்கள். அந்தக் கையோடு சாப்பிட உட்காரவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.